வேட்டைக்காக மட்டக்களப்பில் குடியேறலாமா?

நோர்வேயில் மான் வேட்டைக்குப் போகும் நீங்கள், பெருவிலங்கு வேட்டைக்காக அம்மாவின் ஊரான மட்டக்களப்புக்கே வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு வாருங்கள், வேட்டைக்காக வேண்டாம்.

1840களில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டை ஆசையில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறினார். அந்தக் காலம் போய்விட்டது. யானை, சிறுத்தை, கரடி, மரை, புள்ளிமான் எல்லாமே இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. காசு கட்டி உரிமம் வாங்கிச் சுடும் முறை இங்கே கிடையாது. பயிர்க் காவலுக்குக் கமக்காரர் துவக்கு வைத்திருப்பார்கள், அதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு இரவு பரணில் இருந்து பாருங்கள். வயல் கரையில் முதலில் நெல்லை உருவும் சரசரப்புக் கேட்கும், அப்புறம்தான் தனியன் யானையின் முதுகு தெரியும். அடுத்த வீட்டுக்காரர் வெடி கொளுத்துவார், பிள்ளைகள் எழும்பி அழும். யானையும் சாகிறது, எங்கள் சனமும் சாகிறது. இந்த மண்ணில் இன்னுமொரு துவக்கைப் பார்க்க எனக்கு மனமில்லை.

பெரிய விலங்கைக் கிட்டப் பார்க்கத்தான் ஆசையென்றால் அம்பாறைப் பக்கம் இங்கினியாகலைக்குப் போங்கள். 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்கா அங்கே இருக்கிறது. அங்குள்ள சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகில் போனால், தும்பிக்கையை மட்டும் நீருக்கு மேலே தூக்கியபடி யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காணலாம்.