டி.வி.யை மானிட்டராக்கினால் ஓரங்கள் மறைவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: கணினி

கேள்வி: வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை செய்து வருகிறேன். பழைய மானிட்டர் பழுதாகிவிட்டதால், 43 அங்குல ஃபுல் எச்.டி. டி.வி.யை எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் கணினியுடன் இணைத்திருக்கிறேன். கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. டாஸ்க்பாரின் பெரும்பகுதி கீழே மறைந்துவிடுகிறது. ஸ்டார்ட் பொத்தானையும், வலது மேல்மூலையில் இருக்க வேண்டிய, செயலியை மூடும் பெருக்கல் குறியையும் காணவே முடியவில்லை. கடைக்காரர் சொன்னபடி கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்ததில் எழுத்துதான் பெரிதாயிற்று. கோளாறு டி.வி.யிலா, கணினியிலா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. தனக்கு வருவது தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று எண்ணிக்கொண்டு, உங்கள் டி.வி. படத்தைச் சற்றே பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஓவர்ஸ்கேன் எனப்படும் இந்தப் பழக்கத்தை ரிமோட்டிலேயே நிறுத்திவிடலாம். புதிய கேபிளுக்கோ கிராஃபிக்ஸ் கார்டுக்கோ பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். விசைப்பலகையில் பிரின்ட் ஸ்க்ரீன் விசையை அழுத்தி, கிடைக்கும் படத்தைப் பெயின்ட் செயலியில் ஒட்டிச் சேமித்து, உங்கள் செல்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் டாஸ்க்பார் முழுமையாகத் தெரிந்தால், கணினி படத்தை முழுமையாகவே உருவாக்குகிறது என்று பொருள். அடுத்து, டி.வி.யின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். அது வெட்டுப்படாமல் தெரிந்தால் திரையும் நலமாகவே இருக்கிறது. வெட்டு விழுவது இவ்விரண்டுக்கும் இடையில்தான்.

டி.வி. இப்படிச் செய்வதற்குக் காரணம் பிக்சர் டியூப் காலத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் எலெக்ட்ரான் கற்றை கண்ணாடியின் உட்புறத்தை வரி வரியாகத் தடவிப் படம் வரைந்தது. மின்னழுத்தம் குறைந்தால் படம் சுருங்கும். உள்ளிருக்கும் பாகங்கள் பழசானாலும் படத்தின் அளவு மாறும். ஸ்டெபிலைசர் இல்லாமல் டி.வி. பார்த்த வீடுகளில், மாலை நேரத்தில் படத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை தோன்றியதைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். அந்தப் பட்டை கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே தயாரிப்பாளர்கள் படத்தைக் கண்ணாடியின் விளிம்பையும் தாண்டி விரியும்படி அமைத்தார்கள். ஓரம் வீட்டுக்கு வீடு வெவ்வேறு அளவில் வெட்டுப்படும் என்பதை ஒளிபரப்பாளர்களும் அறிந்திருந்ததால், முக்கியமான அசைவுகளைப் படத்தின் அகலத்திலும் உயரத்திலும் நடுவிலுள்ள 90 சதவீதத்துக்குள்ளும், எழுத்துகளை 80 சதவீதத்துக்குள்ளும் வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள்.

எல்.சி.டி., எல்.இ.டி. திரைகளில் எலெக்ட்ரான் கற்றை கிடையாது. படத்தை உருவாக்கும் புள்ளியான ஒவ்வொரு பிக்சலுக்கும் நிலையான இடம் உண்டு. ஆகவே வெட்டுவதற்கு இப்போது தேவையே இல்லை. ஆனாலும், பழைய ஒளிபரப்புகளின் மேல்விளிம்பில் மினுக்கும் புள்ளிகளையும் கோடுகளையும் மறைப்பதற்காக இந்தப் பழக்கம் பல டி.வி.களில் தொடர்கிறது. சினிமா பார்க்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. கணினியின் திரையமைப்போ ஓரங்களையே நம்பியிருக்கிறது.

உங்கள் டி.வி. ஒவ்வொரு பக்கத்திலும் 2.5 சதவீதம் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட படத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் 48 பிக்சல்கள் வீதமும், மேலும் கீழும் 27 பிக்சல்கள் வீதமும் போய்விடும். விண்டோஸ் 10இன் டாஸ்க்பார் 40 பிக்சல் உயரம் கொண்டது. அதில் 13தான் மிஞ்சும். ஸ்டார்ட் பொத்தானின் அகலமும் பெருக்கல் குறி இருக்கும் பொத்தானின் அகலமும் ஏறத்தாழ அந்த 48க்குள் அடங்கிவிடுவதால், அவை இரண்டும் முழுமையாக மறைகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குறைத்து வைத்த ரெசல்யூஷனை முதலில் 1920க்கு 1080 என்று பழையபடி மாற்றிவிடுங்கள். இது முக்கியம், ஏனெனில் நாம் தேடும் வசதி பல டி.வி.களில் எச்.டி. அளவுள்ள படம் வரும்போது மட்டுமே தேர்ந்தெடுக்கக் கிடைக்கும், மற்ற நேரங்களில் மங்கலாகிக் கிடக்கும். பிறகு, கணினியின் படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் மெனுவைத் திறந்து, படத்தின் அளவு அல்லது விகிதம் பற்றிய பகுதிக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் இந்த அமைப்பு தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், செட்டாப் பாக்ஸ் ஓடும்போது மாற்றினால் கணினிக்குப் பலன் இருக்காது.

அங்கே 16:9 என்பது தேர்வாகியிருந்தால் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பல டி.வி.களில் 16:9 என்பதே வெட்டிக் காட்டும் அமைப்புதான். வெட்டாத அமைப்புக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்: எல்.ஜி.யில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்க்ரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்க்ரீன், சோனியில் ஃபுல் பிக்சல், ஷார்ப்பில் டாட் பை டாட். சில டி.வி.களில் ஓவர்ஸ்கேன் என்ற பெயரிலேயே ஒரு வரி இருக்கும். அதை அணைத்துவிட வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையென்றால், அந்த எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் பெயரைப் பி.சி. என்று மாற்றிப் பாருங்கள். அது வெறும் பெயர் மாற்றமன்று, பல டி.வி.கள் அந்தப் பெயரைக் கண்டதும் வெட்டுவதையும், படத்துக்குச் செயற்கையாகக் கூர்மை ஏற்றுவதையும் நிறுத்திக்கொள்கின்றன.

கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் டெஸ்க்டாப்பைச் சுருக்கும் வசதி உண்டே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் மூன்றின் மென்பொருள்களிலும் அது இருக்கிறது; டாஸ்க்பாரும் உடனே தெரிந்துவிடும். ஆனால் டி.வி.யின் மெனுவில் வழியே இல்லை என்றான பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணினி 1920 பிக்சல் அகலப் படத்தை 1824க்குள் நெருக்கி அனுப்புகிறது, டி.வி. அதை மறுபடியும் 1920க்கு இழுக்கிறது. இரண்டு முறை அளவு மாறிய படத்தில் ஒரு பிக்சல் அகலமுள்ள கோடு ஒரு பிக்சலாக நிற்பதில்லை. பக்கத்துப் பிக்சல்களில் சாம்பல் நிறமாகக் கசிகிறது. படங்களில் இது பெரிதாகத் தெரியாது. உங்கள் வேலையோ தமிழ் எழுத்தைச் சரிபார்ப்பது. சிறிய எழுத்தளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு பிக்சல்தான் இருக்கும். அது மங்கினால் ‘க்’ எது, ‘க’ எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும்; ‘கி’, ‘கீ’ இரண்டின் மேல்விலங்கும் ஒன்றுபோலத் தோன்றும். பத்திரிகை அச்சுக்குப் போன பின் தெரியவரும் ஒற்றுப்பிழைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வெட்டு நின்றதா என்பதை உறுதிசெய்ய, பெயின்ட் செயலியில் 1920க்கு 1080 அளவில் ஒரு படம் திறந்து, அதன் நான்கு விளிம்புகளிலும் ஒரு பிக்சல் அகலத்தில் சிவப்புக் கோடு வரைந்து, முழுத்திரையில் காட்டுங்கள். நான்கு கோடுகளும் ஒரே மெல்லிய அளவில், கசிவின்றித் தெரிந்தால் கணினியின் ஒவ்வொரு பிக்சலும் திரையின் ஒரு பிக்சலில் சரியாக அமர்ந்துவிட்டது. 32 அங்குல டி.வி. வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த அளவில் வரும் பல டி.வி.கள் 1920க்கு 1080 படத்தை ஏற்றுக்கொண்டாலும், உள்ளே இருக்கும் திரை 1366க்கு 768 பிக்சல்கள்தான். அவற்றில் ஓரத்தை மீட்கலாம். எழுத்தின் கூர்மையை ஓரளவுக்கு மேல் மீட்க முடியாது.

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி அறையில் 1366க்கு 768 அளவுள்ள பழைய மானிட்டர்கள் வி.ஜி.ஏ. கேபிளில் ஓடுகின்றன. சிலவற்றில் படம் இடப்பக்கம் நகர்ந்து வெட்டுப்படுகிறது. வலப்பக்கம் கறுப்புப் பட்டை. ஆட்டோ பொத்தானை அழுத்தினால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் இன்னும் மோசமாகிறது.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இது ஓவர்ஸ்கேன் அன்று. அதில் நான்கு பக்கமும் வெட்டுப்படும்; உங்களுக்கு ஒருபக்கம் போய் மறுபக்கம் காலியாக நிற்கிறது. வி.ஜி.ஏ. வழியே வருவது பிக்சல்களைத் தனித்தனியாகக் குறிக்காத, தொடர்ச்சியாக ஏறி இறங்கும் அனலாக் சிக்னல் என்பதால், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டரே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டோ பொத்தானை அழுத்தியதும் மானிட்டர் வெளிச்சம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தேடி, அவற்றையே படத்தின் ஓரங்களாகக் கொள்கிறது. திரையில் கறுப்பு வால்பேப்பரோ கறுப்பு நிறச் செயலியோ இருந்தால் அதற்கு ஓரம் தென்படாது. தவறான இடத்தில் நிறுத்திவிடும். ஆகவே வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுவதும் விரித்துவைத்துவிட்டு ஆட்டோவை அழுத்துங்கள். சில நேரம் சரியாகிச் சில நேரம் கெடுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அதன் பிறகும் எழுத்துகளில் நிழல் தெரிந்தால், மெனுவில் கிளாக் என்பதை முதலிலும் ஃபேஸ் என்பதைப் பிறகும் மெதுவாக மாற்றுங்கள்.

கணினியின் ரெசல்யூஷன் பட்டியலையும் பாருங்கள். அதில் 1366 இல்லாமல் 1360 மட்டும் இருக்கலாம். பழைய காட்சி அமைப்புகள் அகலத்தை எட்டெட்டுப் பிக்சல்களாக எண்ணின. 1360 எட்டால் வகுபடும், 1366 வகுபடாது. 1360ஐத் தேர்ந்தெடுத்தால் ஓரத்தில் ஆறு பிக்சல் குறையலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பட்டியலில் 1024க்கு 768 போன்ற பொதுவான அளவுகள் மட்டுமே இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது வி.ஜி.ஏ. இணைப்பின் 12ஆம், 15ஆம் பின்கள் வழியாகத்தான். மலிவான சில கேபிள்களிலும், ஒரு படத்தைப் பல மானிட்டர்களுக்குப் பிரித்தனுப்பும் ஸ்ப்ளிட்டர்களிலும் அந்தத் தொடர்பே இருப்பதில்லை. நன்றாக ஓடும் கணினியின் கேபிளைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும்.

கேள்வி: லேப்டாப்பில் திடீரென்று ஓரங்கள் மறைந்துவிட்டன. மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனால் படமே நகர்ந்து, மறைந்திருந்த பகுதி தெரிகிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மேக்னிஃபையர் என்னும் உருப்பெருக்கி தெரியாமல் இயங்கியிருக்கிறது. விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் அது திறந்துகொள்ளும். விண்டோஸ் விசையுடன் எஸ்கேப் விசையை அழுத்துங்கள், மூடிவிடும். ஒவ்வொரு முறை லேப்டாப்பை இயக்கும்போதும் அது தானாகத் திறந்தால், செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் பகுதிக்குச் சென்று, உள்நுழைந்தபின் மேக்னிஃபையரைத் தொடங்கு என்னும் தேர்வை நீக்கிவிடுங்கள்.