பரு மருந்தைப் பாதியில் விட்டவர்களுக்கு

ஐந்து வாரமாக அடாபலீன் பூசினேன். பரு குறையவில்லை, தோல்தான் உரிந்து எரிகிறது. விட்டுவிட்டேன். டொக்டர் ஏசுவாரா?
மாணவி, தலவாக்கலை

ஏசக் கூடாது, தங்கச்சி. இப்படி ஆகும் என்று முதலிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்று முகத்தில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் உருவாகத் தொடங்கியது. அடாபலீன் இனி தோல் துளைகளில் வரப்போகும் அடைப்புகளைத் தடுக்கிற மருந்து. அதனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். முதல் சில வாரம் பரு கூடியது போலவும் இருக்கலாம். பெரும்பாலானோர் கைவிடுவது அப்போதுதான்.

எரிச்சல் வேறு விஷயம். நம் பக்கத்துக் குளிரும் காற்றும் தோலை ஏற்கனவே உலர்த்திவிடுகின்றன. எரிச்சல் அடங்கும்வரை நிறுத்திவைத்து, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் பூசுங்கள். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் வைக்க வேண்டாம். முதலில் வாசனை இல்லாத ஈரப்பத கிரீம் பூசி, அதன் மேல் மருந்தைப் பூசினால் எரிச்சல் குறையும். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது.

நான் விடியவே கொழுந்து எடுக்கப் போய்விடுவேன். மகன் மருந்து பூச மறந்துவிடுகிறான்.
தாய், மஸ்கெலியா

காலை மருந்து வேண்டாமே அக்கா. இரவில் ஒரு தடவை மட்டும் பூசும், அடாபலீனும் பென்சாயில் பெரொக்சைட்டும் சேர்ந்த கலவை ஜெல் சரிவருமா என்று டொக்டரிடம் கேளுங்கள். டியூபைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வையுங்கள். "பூசினியா?" என்று கேட்டால் பிள்ளை "ஓம்" என்றுதான் சொல்வான். "இந்தக் கிழமை எத்தனை நாள் தவறிப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். தவறியதற்காக மறுநாள் இரட்டிப்பாகப் பூச வேண்டாம். பென்சாயில் பெரொக்சைட் கலந்த மருந்து துணியை வெளுக்கும், வெள்ளைத் தலையணை உறை போடுங்கள்.

பருவுக்குத் தந்த டொக்சிசைக்ளின் (அன்டிபயோட்டிக்) குளிசை நெஞ்சை எரிக்கிறது.
ஹட்டன்

படுக்கப் போகும்போது விழுங்குகிறீர்களா? சாப்பிட்ட பிறகு ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு எடுங்கள், அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். பாலோடோ இரும்புச்சத்துக் குளிசையோடோ சேர்க்காதீர்கள். அப்படியும் எரிந்தால் டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

கடை கிரீம் ஒரு கிழமையிலேயே முகத்தை வெள்ளையாக்கியது. இந்த மருந்து ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது?
பண்டாரவளை

இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. அவ்வளவு வேகமாக வெளுக்கும் கிரீம்களில் ஸ்டீரொய்ட் அல்லது பாதரசம் இருக்கக்கூடும். ஸ்டீரொய்ட் தோலை மெலிதாக்கும், புதிதாகப் பருவையும் கிளப்பும். நிறுத்தியதும் முகம் சிவந்து பொங்கலாம், பயந்து மறுபடி பூசாதீர்கள். டியூபையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

முகம் தெளிந்துவிட்டது. கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. நிறுத்தலாமா?
இளம் மனைவி, நோர்வூட்

டொக்சிசைக்ளின் போன்ற குளிசை பெரும்பாலும் 3 மாதத்தோடு முடியும், பூச்சு மருந்தைத் தொடர வேண்டும். விட்டால் பரு திரும்பும். சம்பளம் போவதை வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், இடைவெளியைக் கூட்டித் தரலாம். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் முன்னாடியே சொல்லுங்கள், ஏனென்றால் அடாபலீனும் டொக்சிசைக்ளினும் கர்ப்ப காலத்துக்கு ஆகாது.