பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ரீடெயில் படித்தால் கடை மேனேஜர் ஆக முடியுமா?

கேட்டிருக்கும் தம்பி தண்டையார்பேட்டை. இப்போதே சூப்பர் மார்க்கெட்டில் சேர்வதா, இரண்டு வருடம் ரீடெயில் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுப் போவதா என்று குழப்பம்.

படியுங்கள் தம்பி. ஆனால் படிக்கும்போதே கடையிலும் நில்லுங்கள்.

பிளஸ் டூ முடித்த கையோடு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்கு பில்லிங் வேலைக்குப் போனவள் நான். நான்கு வருடத்தில் சரக்கு இறக்குவது, ரேக் அடுக்குவது, கல்லா முடிப்பது எல்லாம் அத்துப்படி. சூப்பர்வைசர் இடம் காலியானபோது ஏரியா மேனேஜர் ஒன்றுதான் கேட்டார்: "80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறோம். மார்ஜின் எவ்வளவு?" 25 சதவீதம் என்றேன். 20 என்பதுதான் சரி. மார்ஜினை விற்கும் விலையை வைத்துக் கணக்கிட வேண்டும். நான் சொன்னது வாங்கிய விலைமேல் வைக்கும் மார்க்கப். அந்த இடம், படித்துவிட்டு வந்த ஒரு பையனுக்குப் போனது. அன்று இரவு முழுக்க அழுதேன்.

அடுத்த வருடம் ரீடெயில் மேனேஜ்மென்ட்டில் பி.வோக். (தொழில்திறன் பட்டப்படிப்பு) சேர்ந்தேன். காலையில் கல்லூரி, மாலையில் கடை. யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2014-ல் கொண்டுவந்த படிப்பு இது. ஒரு வருடத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடம் என்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம்.

கம்ப்யூட்டரில் 48 ஷாம்பு பாட்டில், ரேக்கில் 45. முன்பெல்லாம் "மூன்று குறைகிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். படித்த பிறகு சரக்கு வந்த அன்றைய ரசீதை எடுத்தேன். பெட்டியைப் பிரித்து எண்ணாமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றும் கடைக்கு வரவே இல்லை! அதுவரை பில்லிங் பெண்களைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம், கல்லூரியில் வராத பாடமும் உண்டு. பழைய தேதித் தயிரை முன்னால் வை என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். நம் ஏரியா அக்காக்கள் கையை உள்ளே விட்டுக் கடைசிப் பாக்கெட்டைத்தான் எடுப்பார்கள். பழையது தீரும்வரை புதியதை ரேக்கில் ஏற்றாமல் ஃப்ரிட்ஜிலேயே வைத்திருக்க கடைதான் கற்றுக்கொடுத்தது.

முடிந்தால் மூன்றாவது வருடத்தையும் விடாதீர்கள். மேலே போகப் போக பட்டம் கேட்கிறார்கள். அட்மிஷனுக்கு முன் ஒன்று விசாரியுங்கள்: பயிற்சிக்கு எந்தக் கடைக்கு, எத்தனை நாள் அனுப்புவார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள். அந்தக் கடைக்கும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. பில்லிங் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள்.