சாவி கையிலதான் இருக்கு, கார்தான் நம்ப மாட்டேங்குது!

போன இதழ்ல ரிமோட் சாவியால நான் பட்ட பாட்டை நாலு வரி எழுதிட்டு மறந்தே போயிட்டேன். வந்த கடிதங்களைப் பாத்தா பாதிப் பேர் பூட்டின கார் பக்கத்துல நின்னுக்கிட்டேதான் எழுதினாங்க போல இருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க அதே கச்சேரிதான்.

கேள்வி: நான் ரிடையர்டு டீச்சர். ஆஸ்பத்திரில ஒருத்தரைப் பாத்துட்டு ராத்திரி வெளிய வந்தா கார் கதவு திறக்கல. பட்டனை முப்பது தடவை அழுத்தியிருப்பேன், கைப்பிடியையும் இழுத்துப் பாத்தேன், அசையல. கடைசில ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மெக்கானிக் வந்து சாவி பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டார். அவ்ளோ பெரிய கார், இத்துனூண்டு பேட்டரிக்காக என்னைத் தெருவுல நிறுத்தலாமா?

பதில்: டீச்சர், உள்ள போக வழி இருந்துச்சு, அது எங்க இருக்குன்னு உங்களுக்கு யாரும் காட்டல, எனக்குக் கோபமே அதுலதான். கார் செய்யறவங்க இந்த நிலைமைக்குன்னே வழி வெச்சிருக்காங்க, ஆனா பாக்க அழகா இருக்கணுமேன்னு ஒளிச்சு வெச்சிருக்காங்க.

ரிமோட்டோட ஓரத்துலயோ பின்பக்கமோ நகத்தால தள்ற மாதிரி சின்னதா ஒரு கொக்கி இருக்கும், அதை ஒதுக்கிட்டு இழுத்தா உள்ளேர்ந்து பேனாக்கத்தி மாதிரி ஒரு இரும்புச் சாவி வரும். சரி, சாவி வந்தாச்சு, ஓட்டை எங்க? பல கார்ல கண்ணுக்கே தெரியாது. டிரைவர் கதவுக் கைப்பிடி முடியற இடத்துல ஒரு பிளாஸ்டிக் மூடி, கார் கலர்லயே பெயின்ட் அடிச்சு, கைப்பிடியோட ஒட்டிப் பிறந்த மாதிரி உக்காந்திருக்கும். அதுக்கு அடியில விரல் வெச்சுத் தடவினா ஒரு சின்ன பிளவு தட்டுப்படும், அதுல சாவி நுனியை விட்டு மெதுவா நெம்பினா மூடி கழண்டு வரும், உள்ள பாத்தா சாட்சாத் நம்ம பழைய காலத்து சாவி ஓட்டை! நான் முதல் தடவை இதைச் செஞ்சது கொட்டற மழையில, மொபைல் டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு. 'மெதுவா'ங்கற பகுதி எனக்குத் தெரியாததால மூடி தெறிச்சு எங்கயோ போயிடுச்சு, இன்னிக்கு வரைக்கும் என் கார் முன்பல் விழுந்த குழந்தை மாதிரிதான் நிக்குது.

இப்படித் திறந்தா நிறைய கார்ல அலாரம் அலறும், பதறாதீங்க, கார் ஸ்டார்ட் ஆனதும் தானா அடங்கிடும். ஸ்டார்ட் பண்றதுக்கு பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அந்த செத்த ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்ட வெச்சு அழுத்துங்க. சில கார்ல பட்டனுக்குப் பதிலா வேற இடம், தண்ணி பாட்டில் வைக்கற குழியில, ஸ்டியரிங் தண்டு பக்கத்துல, நடுப்பெட்டிக்குள்ளன்னு எங்க வேணா இருக்கும், உங்க கார் கூட வந்த புஸ்தகத்துல படம் போட்டிருப்பாங்க. பேட்டரி செத்த பிறகு எப்படி வேலை செய்யுதுன்னா, ரிமோட்டுக்குள்ள பேட்டரியே தேவைப்படாத இன்னொரு சில்லு, அதான் சிப், இருக்கு. ஆபீஸ் கதவுல காட்டற ஐடி கார்டு மாதிரிதான், காருக்குள்ள இருக்கற கம்பிச் சுருளே அதுக்குக் கரண்ட் குடுத்து எழுப்பி 'நீ யாரு'ன்னு கேட்டுக்கும். அதனாலதான் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கணும், சாவி கைப்பையில இருந்தா ஆகாது.

இன்னிக்கு சாயங்காலமே, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு தடவை இதெல்லாம் செஞ்சு பாருங்க டீச்சர். ராத்திரி அவசரத்துல கத்துக்கற பாடம் இல்ல இது.

கேள்வி: அந்த பேட்டரியை நாமளே மாத்தலாமா சார், சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணுமா?

பதில்: தாராளமா மாத்தலாம். ஆனா பழசைக் கழட்டி அது மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு வாங்குங்க. பெரும்பாலும் சிஆர்2032-ன்னு இருக்கும், சிலதுல சிஆர்2025. கடைசி ரெண்டு எண்தான் தடிமன், 32-ன்னா 3.2 மில்லிமீட்டர், 25-ன்னா 2.5. அகலம் ரெண்டுக்கும் 20 மில்லிமீட்டர், வோல்ட்டும் 3-தான், அதனால கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்'னு குடுத்துடுவார். வாங்கிட்டு வந்து போட்டா மெல்லிசானது உள்ள ஆடும், ஒரு நாள் வேலை செய்யும் ஒரு நாள் செய்யாது, நீங்க காரைத் திட்டுவீங்க. பிளஸ் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம், வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா பழைய பேட்டரியை மேஜை மேல விட்டுடாதீங்க. முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும், விளையாட்டு இல்ல.

கேள்வி: என் ரெண்டு வயசுப் பையன் ரிமோட்டை வெச்சுக்கிட்டு நாள் பூரா பட்டனை அமுக்கிட்டே இருந்தான், இப்ப பட்டன் அழுத்தினா கார் கண்டுக்கவே மாட்டேங்குது. உடைச்சுட்டானா?

பதில்: உடைக்கல, எண்ணிக்கையைத் தள்ளி விட்டுட்டான். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ரிமோட் புதுசா ஒரு ரகசிய எண்ணை அனுப்பும், காரும் அதே வரிசையை எண்ணிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் முன்னாடி போயிருந்தா கார் பொறுத்துக்கும், ரொம்ப தூரம் போயிட்டா 'யாருய்யா நீ'ன்னு ஒதுக்கிடும். நேத்து நீங்க அனுப்பின எண்ணை எவனாவது பதிவு பண்ணி இன்னிக்கு ஓட்டிப் பாத்தா திறக்கக்கூடாது இல்லையா, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. பல கார்ல இரும்புச் சாவியால திறந்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினாலே மறுபடி சேந்துக்கும், இல்லன்னா திரும்பச் சேக்கற முறை புஸ்தகத்துல இருக்கும்.

கேள்வி: சாவி பைக்குள்ள இருந்தாலே திறந்துக்கற கீ-லெஸ் காரை, சாவியைத் தொடாமலே திருடறாங்களாமே? சாவியை அலுமினியத் தாள்ல சுத்தி வைக்கச் சொல்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிரிக்கறதா, செய்யறதா?

பதில்: சிரிச்சுக்கிட்டே செய்யுங்க. கதவைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சன்னமா ஒரு குரல் குடுக்கும், ஒண்ணு ஒண்ணரை மீட்டருக்குள்ள சாவி இருந்தா அது 315 இல்ல 433 மெகாஹெர்ட்ஸ்ல பதில் சொல்லும், அவ்ளோதான் இவங்க பேச்சு. திருடங்க ரெண்டு பேரா வருவாங்க, ஒருத்தன் கார் கிட்ட, இன்னொருத்தன் உங்க வாசக்கதவு கிட்ட, ஆளுக்கு ஒரு பெட்டி. கார் குடுக்கற சன்னமான குரலை அப்படியே வாங்கி வீட்டுக்குள்ள இருக்கற சாவி வரைக்கும் கடத்திடுவாங்க. சாவி பக்கத்துலதான் இருக்குன்னு நம்பி கார் திறந்துக்கும். ரகசிய எண்ணை யாரும் உடைக்கல பாருங்க, தூரத்தை மட்டும் பொய் சொன்னாங்க. ஜெர்மனியில ஏடிஏசி-ங்கற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல இருபதுக்கும் மேற்பட்ட கார்களை இப்படியே திறந்து ஓட்டிக் காட்டுச்சு.

அலுமினியத் தாள் சிக்னலைத் தடுக்கும், ஆனா ஓரம் விட்டுப்போனா கசியும், தினம் சுத்திப் பிரிக்கவும் முடியாது. உள்ள உலோக வலை வெச்ச பை விக்கறாங்க, அதுல சாவியைப் போட்டு கார் பக்கத்துல நின்னு கைப்பிடியைத் தொடுங்க, திறக்கலன்னா பை நல்ல பை. புது கார் சிலதுல சாவி கொஞ்ச நேரம் அசையாம கிடந்தா தானா தூங்கிடும், இன்னும் சிலதுல சிக்னல் போய் வர்ற நேரத்தை அளந்து நிஜமான தூரத்தைக் கண்டுபிடிச்சுடும், அங்க இந்தப் பெட்டி வித்தை பலிக்கறது கஷ்டம்.

கேள்வி: என்னை இறக்கி விட்டுட்டு என் வீட்டுக்காரர் கார் ஓட்டிட்டுப் போயிட்டார், சாவி என் கைப்பையில! போய்ச் சேந்து வண்டியை ஆஃப் பண்ணினவர் திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியாம எனக்கு போன் பண்ணி என்னையே திட்டறார். தப்பு யார் மேல சார்?

பதில்: சத்தியமா உங்க மேல இல்லம்மா. சாவி உள்ள இருக்கான்னு கார் கண்டிப்பா கேக்கறது ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தான். அப்புறம் சாவி வெளிய போனா பீப் பீப்னு கத்தி ஒரு எச்சரிக்கை காட்டும், என்ஜினை நிறுத்தாது, ஓடற வண்டி நடு ரோட்டுல நின்னா அது பெரிய ஆபத்து. அவர் பாட்டு சத்தத்துல பீப்பைக் கேட்டிருக்க மாட்டார், அதைச் சொல்லிப் பாருங்க, ஒத்துக்க மாட்டார்.

இதுக்கு நேர் எதிரான தப்புதான் உயிரை எடுக்கும். பழைய காலத்துல சாவியை உருவினா என்ஜின் நிக்கும், சாவி கையில இருந்தாலே வண்டி ஆஃப்னு அர்த்தம். இப்ப சாவி எப்பவுமே பாக்கெட்டுல, சத்தமும் இல்லாத என்ஜின், ஓடிக்கிட்டே இருக்கறதை விட்டுட்டு வீட்டோட ஒட்டின கராஜை மூடிட்டு போய்ப் படுத்துடறாங்க. என்ஜின் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது. 2018-ல நியூயார்க் டைம்ஸ் விசாரிச்சு எழுதினப்ப அமெரிக்காவுல மட்டும் 2006-லேர்ந்து இப்படி 24 பேருக்கு மேல செத்திருந்தாங்க. இறங்கறதுக்கு முன்னாடி டேஷ்போர்டு மொத்தமா அணைஞ்சுதான்னு ஒரு பார்வை பாத்துட்டு இறங்குங்க, பெட்ரோலும் கரண்டும் சேந்து ஓடற ஹைப்ரிட் வண்டின்னா ரெண்டு பார்வை, நின்ன என்ஜின் தானா திரும்பக் கிளம்பும் அதுல.

கேள்வி: புது கார்ல ஏசியைக் குறைக்கணும்னா ஸ்கிரீன்ல மூணு இடம் தொடணும். என் மருமகன் 'பழகிடும் மாமா'ங்கறான். எனக்கு வயசாயிடுச்சா?

பதில்: உங்களுக்கு வயசாகல, மருமகனுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 2022-ல வி பிலாகரேங்கற ஸ்வீடன் பத்திரிகை 11 புது கார்களையும் ஒரு 2005 மாடல் வோல்வோவையும் 110 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டவெச்சு, சீட் சூடு, ரேடியோ, டேஷ்போர்டு வெளிச்சம் மாதிரி சாதாரண நாலு வேலையைச் செய்யச் சொன்னாங்க. ஓட்டினவங்களுக்கு முன்னாடியே பழக டைமும் குடுத்தாங்க. பட்டன் வெச்ச கிழட்டு வோல்வோல 10 செகண்ட், வண்டி 306 மீட்டர் ஓடியிருந்துச்சு. கடைசியா வந்த எம்ஜி மார்வெல் ஆர்-ல 44.9 செகண்ட், 1,372 மீட்டர்! ஒண்ணே கால் கிலோமீட்டருக்கு மேல ரோட்டைப் பாதி, ஸ்கிரீனைப் பாதி பாத்துக்கிட்டு ஓட்டறது. பட்டன்னா விரலே தேடிக்கும், கண்ணாடித்தகட்டுல விரலுக்கு மேடும் தெரியாது பள்ளமும் தெரியாது, கண்ணுதான் போகணும்.

கார்ல மட்டும் இல்ல மாமா (நானும் மாமான்னே கூப்பிட்டுக்கறேன்), 2017-ல அமெரிக்க கடற்படையோட ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் சிங்கப்பூர் பக்கம் எண்ணெய்க் கப்பல் மேல மோதி 10 மாலுமிங்க செத்தாங்க. கப்பலை ஓட்டற டச் ஸ்கிரீன்ல வந்த குழப்பமும் ஒரு காரணம்னு விசாரணைல வந்துச்சு, 2019-ல கையால தள்ற லிவருக்கே திரும்பறோம்னு சொல்லிட்டாங்க. ஐரோப்பாவுல கார்களுக்கு பாதுகாப்பு மார்க் போடற யூரோ என்கேப் 2026-லேர்ந்து இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இதுக்கெல்லாம் தனி பட்டனோ லிவரோ இல்லாத காருக்கு மார்க்கைக் குறைக்குது. லிஸ்ட்ல ஏசி இல்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: அப்ப பழைய சாவிக் காரே தேவலையா?

பதில்: ரொம்பப் பழசுக்குப் போகாதீங்க தம்பி. வெறும் இரும்புச் சாவிக் காரை ரெண்டு ஒயரை ஒட்டி கிளப்பிக்கிட்டுப் போயிடுவான். சில்லு இல்லாம ஸ்டார்ட் ஆகாத ஏற்பாடு, அதான் இம்மொபிலைசர், 1998-லேர்ந்து ஐரோப்பாவுல புது கார்கள்ல கட்டாயம் ஆனதே அதனாலதான். சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ற, உள்ள சில்லும் இருக்கற கார் கிடைச்சா என்னைக் கேட்டா நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: கார் வாங்கினப்ப ரெண்டு சாவி குடுத்தாங்க, ரெண்டாவதை அலமாரில வெச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. பரவாயில்லையா?

பதில்: போய் எடுத்து அழுத்திப் பாருங்க. அந்த பேட்டரியும் இந்நேரம் செத்திருக்கும்.