கிராமத்து பப்பில் ஒரு மதிய உணவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென் இங்கிலாந்தில் டார்செட் கடற்கரையை ஒட்டிய கிராமத்து பப் ஒன்றில் கோடை மதியம் உணவருந்தியதைப் பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்பை வாசித்தேன். நான் கணவர், பிள்ளைகளுடன் பல ஆண்டுகளாக ஸ்விண்டனில் வசிக்கிறேன். காரில் சிறிது தூரம் போனாலே இப்படிப்பட்ட பப்புகள் கண்ணில் படும். ஒன்றிலும் நாங்கள் நுழைந்ததில்லை. மதுரையில் டாஸ்மாக் வாசலைத் தலைகுனிந்து கடந்து பழகியவள் நான். வாசலில் எத்தனை பூந்தொட்டி தொங்கினாலும் அது சாராயக்கடைதானே? அதை இவ்வளவு ரசித்து எழுதுவது குடிக்கு அழகு சேர்ப்பதாகாதா?

கேட்கக் காரணம் உண்டு. ஜூலையில் என் மாமியார் வருகிறார்; சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிடமாட்டார். உடன் வேலை செய்யும் ஆங்கிலேயத் தோழி எங்கள் எல்லோரையும் ஞாயிறு மதியம் தன் ஊர் பப்புக்கு அழைத்திருக்கிறாள். பிள்ளைகளோடும் அவரோடும் போகலாமா? எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்களா?

ச., ஸ்விண்டன்

அன்புள்ள ச.,

தாராளமாகப் போகலாம். ஆனால் சாராயக்கடைதானே என்று நீங்கள் கேட்டதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அங்கே மது விற்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அது கெடுதல் செய்யும் என்று அந்நாட்டு அரசே அஞ்சியிருக்கிறது. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி, மது விற்கும் நேரத்தை வெட்டி, பிற்பகலில் பப்புகளை மூடவைத்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு விலகவில்லை. இங்கிலாந்தில் வார நாட்களில் அது 1988 வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் 1995 வரைக்கும் நீடித்தது. ஆகவே கோடைகாலத்தில் தோட்டத்து மேசையில் கோப்பையோடு நான்கு மணி வரை சாவகாசமாக உட்கார்ந்திருப்பதை ஏதோ தொன்றுதொட்ட வழக்கமென்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இருந்தும் அதை டாஸ்மாக்கோடு சேர்த்துவைக்க என்னால் இயலவில்லை. வடக்கு யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த ஒரே பப்பான ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008இல் மூடப்பட்டபோது ஊர்க்காரர்கள் பங்குபோட்டு அதை வாங்கி 2010இல் மீண்டும் திறந்தார்கள். சிறு நூலகம், மளிகைக்கடை, காய்கறி பயிரிடச் சில பாத்திகள் ஆகியவற்றையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் பெண்கள் திரண்டு வந்து கடையை மூடச் சொல்கிறார்கள், அங்கே ஊரே திரண்டு மூடிய கதவைத் திறக்கிறது என்றால், இரண்டு இடங்களிலும் விற்பது ஒன்றேயானாலும் நடப்பது வேறு என்றுதான் கொள்ள வேண்டும். பாட்டியும் பேரனும் நாயும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நாளையும் முகம் பார்க்க வேண்டியவர்களின் கண்ணெதிரே ஒருவர் குடிக்கிறார். நான் ரசித்தது அந்தக் கண்காணிப்பைத்தான். குடியால் அழியும் குடும்பங்கள் அந்நாட்டிலும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு நகர மையத்தில் சற்றுநேரம் நின்றவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

நான் எழுதிய டார்செட் பப், வொர்த் மாட்ராவர்ஸ் கிராமத்திலுள்ள ஸ்குவேர் அண்ட் காம்பஸ். 1907 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. உள்ளே வழக்கமான நீண்ட கவுண்டர் கிடையாது. குறுகலான நடையில் வரிசையாக நின்று, சுவரில் திறந்த சாளரம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். உண்ணப் பேஸ்டிதான், அதாவது நம் சோமாசி வடிவில் உள்ளங்கையைவிடப் பெரிதாகச் சுட்ட காரப் பலகாரம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தால் பாறைப் பலகைகளே மேசைகள், காலடியில் கோழிகள், வயல்களுக்கு அப்பால் கடல். பக்கத்து அறையில் அந்தக் கடற்கரையில் கிடைத்த புதைபடிவங்களைச் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பார்கள்.

உங்கள் தோழி அழைத்திருப்பது ஞாயிறு ரோஸ்டுக்காக இருக்கலாம்: அடுப்பில் வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கள், மேலே ஊற்றிய கிரேவி. இதில்தான் மாமியாருக்காகக் கவனம் வேண்டும். யார்க்‌ஷயர் புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பென்று எண்ணிவிடாதீர்கள். அது முட்டையும் மாவும் பாலும் கலந்து, பல இடங்களில் மாட்டுக் கொழுப்பிலேயே சுடப்படுவது. கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. சில பப்புகளில் உருளைக்கிழங்கு வறுவலும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிகிறது. சைவருக்கென்று கொட்டைப் பருப்புகளை அரைத்துச் சுட்டு வைத்திருக்கும் நட் ரோஸ்டில்கூட முட்டை சேர்ப்பதுண்டு. இவை எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

ப்ளவ்மன்ஸ் லஞ்ச் இருந்தால் வேலை எளிது. ரொட்டி, ஒரு பாளம் செடார் சீஸ், வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம், கரிய இனிப்பு ஊறுகாய், ஆப்பிள் துண்டு, அவ்வளவுதான். உழவர் காலங்காலமாக உண்டது என்று பெயர் சொன்னாலும், இரண்டாம் உலகப் போர்க்காலத்து உணவுப் பங்கீடு முடிந்தபின் சீஸ் விற்பனையைப் பெருக்க 1950களிலும் 60களிலும் விளம்பரம் செய்து பரப்பிய தட்டு அது. விளம்பரத்தால் வந்ததனால் ருசி குறைந்துவிடவில்லை. ஊறுகாயோடு ரொட்டி தின்னும் உழவன் எந்த நாட்டிலும் இருந்திருப்பான். சில சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைப்பதால், இதிலும் சைவ முத்திரை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

திரும்பிப் பார்ப்பார்களா என்ற கேள்வியைச் சிறிதாக எண்ணவில்லை. பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெத்விக்கில் 1960களில் கறுப்பர்களையும் இந்தியர்களையும் சில பப்புகள் குறிப்பிட்ட அறைகளில் உட்கார விடாமல் தடுத்தன. இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அதை எதிர்த்துப் போராடினார்கள், அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரியில் அங்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் அப்படி ஒதுக்குவதைத் தடைசெய்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளே பப் நடத்தி, பியரோடு தந்தூரிக் கறியும் பரிமாறுகிறார்கள். உங்கள் தோழியின் ஊரில் நீங்கள் ஒரே மாநிறக் குடும்பமாக இருக்கக்கூடும். கதவைத் திறக்கும்போது தலைகள் திரும்பும்; சிற்றூரில் வெளியார் யார் நுழைந்தாலும் அப்படித்தான். தோழி உடனிருப்பதால் அது ஒரு நொடியில் கடந்துவிடும்.

பிள்ளைகளைப் பெரியவர்களோடு அழைத்துப் போகச் சட்டத்தில் தடையில்லை. பக்கத்து மேசையில் பதினாறு வயதுப் பையன் பெற்றோர் வாங்கித் தந்த பியரைச் சாப்பாட்டோடு குடித்தால் திடுக்கிட வேண்டாம், சட்டம் அதை அனுமதிக்கிறது.

மேசையில் உட்கார்ந்தபடியே பணியாளர் வருவாரென்று காத்திருந்தால், பல பப்புகளில் பொழுது போய்விடும். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, நீங்களே கவுண்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வர வேண்டும். அங்கே பெரும்பாலும் வரிசை இருக்காது, ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். குடிக்காதவர்கள் எல்டர்ஃப்ளவர் என்ற வெள்ளைப் பூவில் செய்த சர்பத்தைச் சோடாவில் கலந்து கேட்கலாம். ஜிஞ்சர் பியர் நம் இஞ்சி சோடாவைப் போன்றது. மது சேர்த்த வகையும் இருப்பதால் கேட்டு வாங்குங்கள். கோடையில் இனிப்பு வாசனைக்குக் குளவிகள் வந்துவிடும், மேசையிலிருக்கும் அட்டை வட்டைக் கோப்பையின் மேல் மூடிவையுங்கள். ஆங்கிலேயர்கள் நாற்காலியை வெயிலுக்கு இழுப்பார்கள். மாமியாருக்காகக் குடை விரித்த மேசையைப் பிடித்துவிடுங்கள்.

முதல் சுற்றுப் பானங்களைத் தோழி வாங்குவாள், இரண்டாவது உங்களுடையது. சாப்பாட்டுக் கணக்கை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம். நல்ல வெயில் நாளில் ஞாயிறு ரோஸ்ட் இரண்டு மணிக்கே தீர்ந்துபோவதுண்டு, சைவத் தட்டுகளைக் குறைவாகத்தான் செய்வார்கள். மேசையைப் பதிவு செய்யும்போதே, முட்டையில்லாத சைவம் ஒருவருக்கு வேண்டுமென்று தோழியைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்