ஜகாண்டேயின் கொட்டகைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வாழ்ந்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், லத்தீப் ஜகாண்டே என்ற மாநில ஆளுநரை ஓரிடத்தில் மிகுந்த மதிப்போடு குறிப்பிட்டிருந்தீர்கள். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். சில குழப்பங்கள் எழுந்தன. அவர் கட்டிய பள்ளிகளைக் கோழிக் கொட்டகைகள் என்று அன்றே கேலி செய்திருக்கிறார்கள். தரத்தைப் பார்க்காமல் எண்ணிக்கைக்காகக் கட்டுவது வெறும் ஓட்டு அரசியல்தானே? அவர் தொடங்கிய மெட்ரோ ரயில் திட்டமும் நின்றுபோனது. எல்லாவற்றுக்கும் மேலாக, சானி அபாச்சாவின் இராணுவ அரசில் அவர் அமைச்சராக இருந்திருக்கிறார். கடைசியில் இப்படிச் சறுக்கிய ஒருவரை நம்மூர்ப் பெருந்தலைவர்களோடு ஒப்பிட்டு, நல்ல தலைவர் என்று மாணவர்களிடம் சொல்லலாமா? எங்கள் கல்லூரி வாசகர் வட்டத்தில் ஆப்பிரிக்க அரசியல்வாதிகளைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது.

க., கோவை

அன்புள்ள க.,

பொதுவாக இத்தகைய கடிதங்களுக்கு நான் தனிப்பட ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு இங்கே பதில் எழுதக் காரணம், அரசுப் பணத்தில் ஏழைகளுக்காகக் கட்டப்படும் கட்டடங்களின் அழகைப் பற்றி எப்போதும் யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி சில மாதங்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது. ஆகவே என் பதிலில் ஒரு பகுதி உங்கள் கேள்விக்கானதாகவும், பெரும்பகுதி என் உறுத்தலுக்கானதாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைக் களைந்துவிடலாம். நம்மூர்த் தலைவர்களோடு ஒப்பிடுவது வேண்டாம். அந்த ஒப்பீட்டில் ஜகாண்டேயும் தெரியமாட்டார், நம்மவரும் தெரியமாட்டார். உங்கள் மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் விளக்குங்கள். நைஜீரியாவின் மாநில ஆளுநர், நம் நாட்டைப் போல மையத்திலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். லாகோஸ் மாநிலம் 1967 மே மாதம் உருவாக்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் இராணுவ ஆளுநர்களின் கையில் இருந்தபின், 1979 அக்டோபர் 1 அன்று பதவியேற்ற முதல் மக்களாட்சி ஆளுநர் ஜகாண்டே.

அதற்கு முன் அவர் பத்திரிகையாளர். 1929இல் லாகோஸ் தீவின் எபெடேடோ பகுதியில் பிறந்து, இருபது வயதில் செய்தியாளராகி, அரசியல் தலைவர் ஒபாஃபெமி அவோலோவோவின் 'நைஜீரியன் டிரிபியூன்' நாளிதழின் முதன்மை ஆசிரியராக உயர்ந்து, 1963இல் அவோலோவோவோடு சேர்த்தே தேசத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1966இல் விடுதலையானவர். அவோலோவோ அமைத்த நைஜீரிய ஐக்கியக் கட்சி 1979 தேர்தலில் ஐந்து மாநிலங்களை வென்றது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், கிராம வளர்ச்சி, எல்லோருக்கும் வேலை என்ற நான்கு வாக்குறுதிகள் அந்த ஐந்திலும் ஒன்றே. மைய அரசோ குடியரசுத் தலைவர் ஷேஹு ஷகாரியின் கட்சியின், அதாவது எதிரணியின், கையில் இருந்தது. மக்கள் ஜகாண்டேயை 'பாபா கெக்கெரே' என்று அழைத்தார்கள். அவோலோவோ பெரியவர் என்றால் இவர் இளையவர். ஆளுநர் மாளிகையில் குடியேறாமல் இலுபெஜுவில் இருந்த தம் சொந்த வீட்டிலேயே தங்கி, தம் சொந்த டொயோட்டா காரிலேயே அலுவலகம் போய்வந்தார். இந்த எளிமைக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் சொல்லுங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். எளிமையாக வாழ்ந்து ஒன்றும் செய்யாமல் போனவர்களும் உண்டு.

இனி அந்தக் கொட்டகைகள்.

1979இல் லாகோஸ் பள்ளிகள் ஷிப்ட் முறையில் நடந்தன. எண்ணெய்ப் பணம் வந்த ஆண்டுகளில் நாடெங்கிலுமிருந்து மக்கள் அந்த நகரத்துக்குள் வந்து குவிந்தார்கள்; வகுப்பறைகள் மட்டும் குவியவில்லை. காலையில் ஒரு கூட்டம் பிள்ளைகள், மதியம் ஒரு கூட்டம், சில பள்ளிகளில் மூன்றாவதாகவும் ஒன்று. இதை ஒரு நிர்வாக ஏற்பாடாக மட்டும் பார்த்தால் அதன் கொடுமை புரியாது. அப்பா தொழிற்சாலைக்கும் அம்மா சந்தைக்கும் விடிவதற்கு முன்பே போய்விட்ட வீட்டில், மதிய ஷிப்ட் பிள்ளை காலை முழுவதும் தெருவில் இருக்கிறான். வெயில் உச்சியில் நிற்கும்போது பள்ளிக்குள் நுழைந்து, ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்து புழுதி கிளப்பிய அறையில் உட்கார்ந்து, நேரம் சுருக்கப்பட்ட பாடங்களைக் கேட்டு, மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் இருட்டும் நேரத்தில் தனியே வீடு திரும்புகிறான். பெண்பிள்ளை என்றால் இந்தத் திரும்பும் வழிக்குப் பயந்தே படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

ஜகாண்டே பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே இந்த முறையை ஒழிப்பதாக அறிவித்து, 1980இல் ஒழித்தும் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் காலையில் ஒரே நேரத்தில் வர வேண்டுமென்றால் வகுப்பறைகள் உடனடியாகப் பெருக வேண்டும். முறையான மாடிக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு, ஒப்பந்தம் விட்டு, ஒப்பந்தக்காரர் முன்பணம் வாங்கி, அந்த முன்பணத்தில் யார் யாருக்கோ பங்கு போய், கட்டி முடிப்பதற்குள் அன்று ஆறு வயதாக இருந்த குழந்தை பதினான்கு வயதாகிப் பள்ளியின் எல்லையைத் தாண்டியிருக்கும். ஆகவே அவர் நீளமான, தாழ்ந்த, அலங்காரம் எதுவுமற்ற கொட்டகைகளை விரைவாக எழுப்பினார். ஒரு தலைமுறையே அவற்றில் அமர்ந்து கட்டணமின்றிப் படித்தது. கோழிப் பண்ணை என்ற கேலி அப்போதுதான் பிறந்தது.

அந்தக் கேலியை நீங்கள் அப்படியே எடுத்து உங்கள் கடிதத்தில் வைத்திருக்கிறீர்கள், க. அதுதான் எனக்குக் கோபம். அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை அந்தக் கொட்டகைகளுக்கு அனுப்பாதவர்கள். பந்தியில் இடம் கிடைக்காமல் வாசலில் நிற்பவனிடம் வந்து, பாயசத்தில் முந்திரி குறைவு என்று அவன் சார்பில் வருத்தப்படுவது போன்றது இது. தரம் என்று எழுதுகிறீர்களே, எதனுடைய தரம்? கூரையின் தரமா? நாளொன்றுக்குச் சில மணி நேரம் மட்டுமே, அதுவும் மயங்கும் வெளிச்சத்தில், கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளையின் படிப்புக்குத் தரம் இருந்ததா? காத்திருப்பதன் விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஏனென்றால் காத்திருப்பவர்கள் கணக்கெழுதும் இடத்தில் இல்லை. ஒரு நல்ல கட்டடம் பத்தாண்டு தாமதமாக வந்தால் அதன் திறப்பு விழாவுக்குக் கைதட்டுகிறோம். இடையில் படிக்காமல் போன பிள்ளைகளின் பட்டியல் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஓட்டுக்காகக் கட்டினார் என்கிறீர்கள். ஆம், ஓட்டுக்காகவும்தான். மறுபடியும் மக்களிடம் போய் நிற்க வேண்டும் என்ற அச்சம் ஒரு அரசியல்வாதியைப் பள்ளி கட்டவைக்கிறது என்றால் அந்த அச்சம் வாழ்க. 1983இல் அவர் மறுபடியும் வென்றார். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பணத்தின் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? விக்டோரியா தீவு, லெக்கி போன்ற செல்வர் பகுதிகளில் மனைகளின் விலையை உயர்த்தினார். வீட்டு வரியைக் கூட்டினார், லாட்டரி மற்றும் சூதாட்ட உரிமங்களின் கட்டணத்தைக் கூட்டினார். கேலியின் ஊற்றுக்கண் எங்கே இருந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

நான் லாகோஸுக்குப் போனபோது அவருடைய ஆட்சி முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இலுபெஜுவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் பிரிவில் மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார், யோருபா இனத்தவர், குறைவாகப் பேசுபவர், கணக்கில் ஒரு கோபோ காசு பிசகினாலும் மதிய உணவுக்கு எழாதவர். ஒகே-அஃபாவில் ஜகாண்டே கட்டிய குறைந்த விலைக் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. இசோலோ, அபெசான், அமுவோ-ஒடோஃபின், இஜே என்று நகரைச் சுற்றிலும் அத்தகைய குடியிருப்புகள் உண்டு. 30,000 வீடுகளுக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டன்ஃபோ எனப்படும் மஞ்சள் நிறச் சிற்றுந்துகளின் நடத்துநர்கள் 'ஜகாண்டே, ஜகாண்டே' என்று நிறுத்தத்தின் பெயராகவே அவர் பெயரைக் கூவி ஆள் ஏற்றுவார்கள். எழுத்தரின் மூத்த மகன் மதிய ஷிப்டில் தொடங்கிக் கொட்டகையில் படிப்பை முடித்தவன். அந்த மகன் மாலையில் வீடு திரும்பும்வரை அவருடைய மனைவி தெருமுனையில் போய் நின்றிருப்பாராம். ஷிப்ட் ஒழிந்த பிறகு மனைவி அப்படி நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதை எழுத்தர் ஒரு முறை, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, சொன்னார்.

1994இல் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முந்தைய ஆண்டு ஜூன் 12 அன்று நடந்து, பிறகு இராணுவ அரசு ரத்து செய்த குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற மோஷூத் அபியோலாவை விடுதலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பெட்ரோல் இல்லை, வண்டிகள் இல்லை. எழுத்தர் ஒகே-அஃபாவிலிருந்து நடந்தே வருவார். வந்து அமர்ந்ததும் காலணியைக் கழற்றிக்கொண்டே ஜகாண்டேயைத் திட்டுவார். அபாச்சாவின் அமைச்சரவையில் பொதுப்பணியும் வீட்டுவசதியும் அன்று ஜகாண்டேயிடம் இருந்தன. ஒரு நாள் எங்கள் பிரிவின் இளைஞன் ஒருவன், அவருக்கு ஒத்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஆள் கட்டிய கோழிக் கூண்டுகளைப் பார்த்தபோதே இது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். எழுத்தர் எழுந்து நின்று அவனைப் பார்த்து யோருபா மொழியில் பேசிய பேச்சின் முழுப் பொருளும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதன்பின் அந்த இளைஞன் அவர் எதிரில் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. ஜகாண்டேயைத் திட்டும் உரிமையை அவர் தமக்கென வைத்துக்கொண்டார். கொட்டகையைக் கேலி செய்யும் உரிமையை யாருக்கும் தரவில்லை.

இதனால் கல்வி விஷயத்தில் ஜகாண்டே செய்தவை எல்லாம் சரி என்று நான் சொல்வதாக எண்ணாதீர்கள். 1980 மார்ச்சில் அவருடைய அரசு தனியார் தொடக்கப்பள்ளிகளையே ஒழிக்கும் சுற்றறிக்கையை வெளியிட்டது. லாகோஸின் கத்தோலிக்கப் பேராயர் ஒகோஜி வழக்குத் தொடுத்தார். அரசமைப்புச் சட்டம் தரும் கருத்துச் சுதந்திரத்தில் பள்ளி நடத்தும் உரிமையும் அடங்கும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. அது நியாயமான தீர்ப்பு. வசதியுள்ளவர்களும் அதே கொட்டகைக்கு வந்தால்தான் கொட்டகை விரைவில் கட்டடமாகும் என்ற அவருடைய கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஒரு பத்திரிகை ஆசிரியர், அதுவும் எழுத்துக்காகவும் கட்சிக்காகவும் சிறை கண்டவர், இன்னொருவர் கற்பிக்கும் உரிமையைச் சுற்றறிக்கை ஒன்றால் பறிக்கலாம் என்று எண்ணியிருக்கக் கூடாது. குறை சொல்ல விரும்பினால் இதைச் சொல்லியிருக்கலாமே. இது உங்கள் கண்ணில் படவில்லை, கூரைதான் பட்டது.

மெட்ரோவைப் பற்றி ஒரு பத்தி போதும். அது தானாக நின்றுபோகவில்லை, நிறுத்தப்பட்டது. 1983 டிசம்பர் 31 அன்று நடந்த இராணுவப் புரட்சி ஜகாண்டேயைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. புரட்சியின் வழியாக வந்த முகம்மது புஹாரி, 1985இல் ரயில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். லாகோஸ் மக்களுக்கு அதனால் 7.8 கோடி டாலருக்கும் மேல் இழப்பு என்று சொல்லப்படுகிறது. பிறகு அதே புஹாரி, தேர்தலில் வென்ற குடியரசுத் தலைவராக, 2023 ஜனவரியில் லாகோஸின் நீலத் தடத்தைத் திறந்துவைத்தார். மரினாவிலிருந்து மைல் 2 வரை 13 கிலோமீட்டர். ஜகாண்டே 2021 பிப்ரவரி 11 அன்று தம் 91ஆம் வயதில் காலமாகியிருந்தார். இதில் ஜகாண்டேயின் தோல்வி எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. 1993 நவம்பரில் அபாச்சா ஆட்சியைப் பிடித்தபோது, அமைச்சரவையில் சேருமாறு அபியோலா உள்ளிட்ட முற்போக்கு அணியின் தலைவர்களே கேட்டுக்கொண்டதால்தான் சேர்ந்ததாக ஜகாண்டே பிற்காலத்தில் விளக்கினார். அந்த நவம்பருக்கு இந்த விளக்கம் பொருந்தலாம். அபாச்சா ஆட்சியை அபியோலாவிடம் ஒப்படைப்பார் என்று அப்போது பலர் நம்பினார்கள். ஆனால் 1994 ஜூன் 11 அன்று அபியோலா தம்மையே குடியரசுத் தலைவராக அறிவித்தார். அறிவித்த இடம் எபெடேடோ, ஜகாண்டே பிறந்த அதே பகுதி. அம்மாதம் 23ஆம் நாள் அபியோலா கைது செய்யப்பட்டார், 1998இல் காவலிலேயே இறந்தார். கைதுக்குப் பிறகு பதவி விலகுமாறு ஜனநாயக அணியினர் கேட்டபோது ஜகாண்டே விலகவில்லை. அடுத்த ஆண்டு அபாச்சா அமைச்சரவையையே கலைக்கும்வரை இருந்தார். வீடுகள் கட்டுவதற்காக இருந்ததாகவே அவர் நினைத்திருக்கலாம். கட்டத் தெரிந்தவர்களுக்கு, எந்த அரசின் கீழும் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. நான் அதை மன்னிக்கவில்லை. அவருடைய பழைய தோழர்கள் பலரும் மன்னிக்கவில்லை. தாம் செய்ததற்கு வருத்தமில்லை என்றே அவரும் சொல்லிவந்தார்.

மாணவர்களிடம் நல்லவர் என்றோ சறுக்கியவர் என்றோ நீங்கள் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? 1980ஐச் சொல்லுங்கள், 1994ஐச் சொல்லுங்கள், இரண்டையும் ஒன்றால் ஒன்றை அடிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் உங்களைவிட நிதானமாக முடிவு செய்வார்கள். பேசி முடித்தபின் உரையின் படியை எனக்கு அனுப்பினால் ஆர்வத்தோடு படிப்பேன். கோழிக் கொட்டகை என்ற கேலி அதில் இருக்குமானால், அதைச் சொன்னவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பதையும் விசாரித்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.