அடுப்படிக் கேள்விகள்: கொஷா மாங்ஷோவுக்கு அவசரம் ஆகாது

இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் ஒரே கறியைப் பற்றியவை. வங்காளத்து மட்டன், நம் சென்னை அடுப்பில்.

மகனுக்கு வங்காளப் பெண்ணைப் பேசி முடித்திருக்கிறோம். சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வரும்போது அவர்கள் ஊர் மட்டனைச் செய்து வைக்க ஆசை. நம் குழம்பிலிருந்து அது எங்கே மாறுகிறது? ஒரு கிலோவுக்கு அளவும் வேண்டும்.
– வாசகி, பெரம்பூர்

நீங்கள் கேட்பது கொஷா மாங்ஷோ. 'மாங்ஷோ' என்றால் கறி. 'கொஷா' என்றால் சுருளச் சுருள வதக்கியது. செய்முறை பெயரிலேயே இருக்கிறது. நம் குழம்பைத் தூக்கி நிறுத்துவது வறுத்து அரைத்த மசாலாவும் தேங்காயும். இங்கே அந்த வேலையை வெங்காயமும் நேரமும் பார்த்துக்கொள்ளும். பதம் சுக்காவுக்கும் தொக்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். கொல்கத்தா ஷியாம்பஜாரில் கோல்பாரி என்ற கடை இந்தக் கறிக்கே பெயர் போனது. அங்கே கறி கிட்டத்தட்ட கறுப்பாகவே தட்டுக்கு வரும்.

முதலில் கறி. வெள்ளாடுதான் வேண்டும். வங்காளிகள் காயடித்த கிடாவை 'காஷி' என்று கேட்டு வாங்குவார்கள். கவிச்சை குறைவு, கொழுப்பு பதமாக இருக்கும். முன்னந்தொடையும் நெஞ்செலும்பும் கலந்து, ஒரு கிலோவுக்கு 18 முதல் 20 துண்டுகள் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் கடைக்காரர் குழம்புக்குப் போடுவதுபோல் பொடிசாக வெட்டிவிடுவார். முக்கால் மணி நேரம் கிளறினால் அது நார்நாராகப் போய்விடும். எலும்பில்லாத தொடைக்கறியை மட்டும் வாங்காதீர்கள், வறண்டு போகும்.

ஊற வைக்க: கெட்டித் தயிர் 150 கிராம், மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, கடுகெண்ணெய் 2 மேசைக்கரண்டி. இஞ்சி 40 கிராம், பூண்டு 30 கிராம் சேர்த்து அரைத்து அதில் பாதி. பிசறி ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம். இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது.

அடி கனத்த கடாயில் 120 மில்லி கடுகெண்ணெயை ஊற்றி, லேசாகப் புகை வந்து மஞ்சள் நிறம் வெளுக்கும்வரை காய்ச்சுங்கள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி மிதமான தீ. மூன்று உருளைக்கிழங்கைத் தோல் சீவி இரண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி, அதே எண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியே வையுங்கள். பிறகு 2 பிரிஞ்சி இலை, 3 காய்ந்த மிளகாய், 4 ஏலக்காய், 4 கிராம்பு, 2 அங்குலப் பட்டை. கூடவே 1 தேக்கரண்டி சர்க்கரை. அது கரைந்து தேன் நிறத்துக்கு வந்ததும் மெல்லியதாக நறுக்கிய பெரிய வெங்காயம் 500 கிராம். கறியின் செம்பழுப்புக்கு அந்தச் சர்க்கரையும் ஒரு காரணம். ஒரு விநாடி தவறினாலும் கசக்கும்.

வெங்காயத்துக்கு 20 முதல் 25 நிமிடம் கொடுங்கள். அளவு கால்வாசியாகச் சுருங்கி, பழுப்பாக வர வேண்டும். பொன்னிறத்திலேயே நிறுத்தினால் கறி தித்திக்கும், நிறமும் வராது. மீதி இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுப் பச்சை வாசனை போனதும், 2 தேக்கரண்டி தனியாத்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி சீரகத்தூள் இரண்டையும் தண்ணீரில் குழைத்துச் சேர்க்கவும். பொடியாகத் தூவினால் எண்ணெயில் கருகிவிடும்.

இனி கறி. பெரிய தீயில் 5 நிமிடம் புரட்டி, பிறகு தீயைக் குறைத்து 40 முதல் 45 நிமிடம் கிளற வேண்டும். உண்மையில் இதுதான் சமையல், முன்னே பின்னே உள்ளதெல்லாம் துணை. முதலில் கறியும் தயிரும் தண்ணீர் விட்டு 'சளசள'வென்று கொதிக்கும். அது வற்றியதும் சத்தம் 'சடசட'வென்று மாறும், அடியில் பழுப்பாக ஒட்ட ஆரம்பிக்கும். அப்போது ஒரு குழிக்கரண்டி வெந்நீர் தெளித்து, ஒட்டியதைச் சுரண்டி மசாலாவோடு சேர்த்துவிடுங்கள். மறுபடி வற்ற விடுங்கள், மறுபடி தெளியுங்கள். ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால்தான் அந்தக் கருஞ்சிவப்பு வரும். மசாலா துண்டுகளில் போர்வை மாதிரிப் பிடித்து, எண்ணெய் ஓரம் கட்டினால் பதம்.

பிறகு 300 மில்லி வெந்நீர் ஊற்றி, மூடி, சிம்மில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம். கடைசி 20 நிமிடத்தில் உருளைக்கிழங்கு. உப்பு பார்த்து, தேவையானால் இன்னும் 1 தேக்கரண்டி. இறக்கும்போது 1 தேக்கரண்டி நெய், அரைத் தேக்கரண்டி கரம் மசாலா. வங்காள கரம் மசாலா என்பது ஏலம், பட்டை, கிராம்பு மட்டும்தான். சோம்பு போட்டால் அது நம்மூர்க் கறி.

கடுகெண்ணெய் வாசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. கடலை எண்ணெயில் செய்யலாமா?
– வாசகர், சைதாப்பேட்டை

தாராளமாக. நல்ல மட்டன் தொக்கு கிடைக்கும். கொஷா மாங்ஷோ கிடைக்காது.

பிள்ளைகள் முகம் சுளிப்பது பெரும்பாலும் சரியாகக் காயாத எண்ணெயால். மூக்கில் ஏறும் அந்தக் காரம் சூட்டில் ஆவியாகிவிடும் பொருள். புகைய விட்டால் நெடி அடங்கி, கொட்டைப் பருப்பு போன்ற மணம் மட்டும் மிஞ்சும். பாட்டிலில் 'கச்சி கானி' என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அது செக்கில் ஆட்டியது. ரீஃபைண்ட் கடுகெண்ணெயில் மணமே இருக்காது. சௌகார்பேட்டை மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

தயிர் திரிந்து குழம்பு முழுக்கத் திப்பிதிப்பியாக நின்றது. ஏன்?
– வாசகி, ஆதம்பாக்கம்

சென்னை வெயிலில் காலையில் உறைந்த தயிர் மாலைக்குள் புளித்துவிடுகிறது. புளிப்பு ஏற ஏறத் தயிரில் உள்ள புரதம் சூட்டில் சீக்கிரம் கட்டி தட்டும். அன்றைக்கு உறைந்த, ஆடை எடுக்காத பால் தயிரை மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடித்து, 1 தேக்கரண்டி கடலை மாவு சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். கறியை ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்துவிடுங்கள். கடாயில் போட்டதும் முதல் ஐந்து நிமிடம் கை ஓயாமல் புரட்ட வேண்டும்.

திரிந்துவிட்டாலும் கொட்ட வேண்டாம். வதக்கிக்கொண்டே போனால் அந்தத் திப்பிகள் மசாலாவோடு கலந்துவிடும். தக்காளியும் சேர்த்திருந்தீர்களா? தயிர் இருக்கும்போது அது வேண்டாம், புளிப்பு இரட்டிப்பாகும்.

இவ்வளவு நேரம் நிற்க முடியாது. குக்கரில் வைத்தால்?
– வாசகி, அண்ணா நகர்

வதக்கும் வேலையைக் கடாயிலேயே முடியுங்கள், அதில் மட்டும் சமரசம் கூடாது. வேக வைப்பதற்குக் குக்கர் போதும். குக்கரில் தண்ணீர் வற்றாது என்பதால் 300 மில்லிக்குப் பதில் 150. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம். அடங்கியபின் திறந்து, வறுத்த உருளைக்கிழங்கைப் போட்டுத் திறந்தபடியே வேக விடுங்கள். கிழங்கையும் சேர்த்துக் குக்கரை மூடினால் கூழாகிவிடும்.

கறி ரப்பர் மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள், இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். எலும்பை ஒட்டிய சவ்வு கரைய நேரம் பிடிக்கும். முற்றலான கறி என்று தெரிந்தால் ஊற வைக்கும்போது 1 மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். இரவு முழுக்க விட்டால் வெளிப்புறம் மாவு மாவாகும்.

பன்னிரண்டு பேருக்கு மூன்று கிலோ செய்ய வேண்டும். எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் போதுமா?
– வாசகர், வேளச்சேரி

போதாது. எண்ணெய் 360 மில்லி வேண்டாம், 270 போதும். பட்டை, கிராம்பு இரண்டு மடங்கு போதும். உப்பும் தயிரும் அப்படியே மூன்று மடங்கு. முக்கியமான சிக்கல் பாத்திரம். மூன்று கிலோ கறியை ஒரே கடாயில் குவித்தால் அடியில் உள்ளது வதங்காது, தன் தண்ணீரிலேயே அவியும். வெங்காயத்தை இரண்டு தடவையாக வதக்கி, கறியை இரண்டு கடாய்களில் வதக்கி, வெந்நீர் ஊற்றும்போது ஒரே அண்டாவில் சேர்த்துவிடுங்கள்.

முந்தின நாளே செய்து வைப்பது உத்தமம். மசாலா ஊறி மறுநாள் சுவை கூடும். உருளைக்கிழங்கை மட்டும் விருந்தன்று சேர்க்கவும். நம் ஊர்ச் சூட்டில் கறியை வெளியே வைத்திருக்கக் கூடாது. அகலமான பாத்திரங்களில் பிரித்துச் சீக்கிரம் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரும்புக் கடாயில் செய்திருந்தால் உடனே மாற்றுங்கள், தயிர்ப் புளிப்பு இரும்பின் ருசியை இழுக்கும்.

கூட என்ன பரிமாறுவது? பரோட்டா சரியா?
– வாசகி, பல்லாவரம்

சரிதான், ஆனால் சம்பந்தி விருந்து என்றால் லூச்சி, அதாவது வங்காளத்து மைதாப் பூரி. அரைக் கிலோ மைதாவில் 2 மேசைக்கரண்டி நெய்யும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு, பிடித்தால் பிடி நிற்கும்வரை பிசறி, சுமார் 250 மில்லி வெதுவெதுப்பான நீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். திரட்டும்போது மாவு தூவாமல் எண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும். தூவிய மாவு சட்டியில் உதிர்ந்து கருகி அடுத்த லூச்சியில் ஒட்டும். நம் பூரி போலச் சிவக்கக் கூடாது. உப்பியதும் திருப்பி, வெள்ளையாகவே எடுத்துவிடுங்கள்.

வெங்காயம், பூண்டு இல்லாத மட்டன் வங்காளத்தில் உண்டு என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தாம்பரம்

உண்மை. காளி பூஜையில் பலியிட்ட ஆட்டின் கறியை இஞ்சி, சீரகம், பெருங்காயம் மட்டும் போட்டுச் சமைத்துப் படைப்பார்கள். அதற்கு 'நிராமிஷ் மாங்ஷோ' என்று பெயர். சைவ மட்டன் என்றே பொருள்!

மீந்ததை மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, கொளத்தூர்

பேஷாக. வேண்டிய அளவை மட்டும் எடுத்து, கால் டம்ளர் வெந்நீர் விட்டுக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். உருளைக்கிழங்கை முன்பே எடுத்துவிடுங்கள், இரண்டாவது சூட்டில் அது கரைந்து மசாலாவை மாவாக்கிவிடும்.